எந்த ஆட்டை விற்பது? பால் ஏடு சொல்லும்!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முத்தையாபுரம் வந்துவிட்டால் நிலம் மூன்று விதமாகத் தெரியும். கடல் பக்கம் உப்பளம். நடுவே உர ஆலையும் குடியிருப்புகளும். மேற்கே கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில் விளையும் அத்திமரப்பட்டி வாழையும் நெல்லும். இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட வீடுகளில் இரண்டு முதல் ஆறு வெள்ளாடுகள் வரை கட்டி வளர்ப்பது இன்றும் நடக்கிறது.

இவை கறிக்காகவும் அவசரச் செலவுக்காகவும் வளர்க்கப்படுபவை. பாலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குட்டி குடித்தது போக மிஞ்சினால் காபிக்கு ஒரு டம்ளர், அவ்வளவுதான். "அரை லிட்டர் கறக்கிற ஆட்டை வச்சு என்ன செய்ய?" என்ற கேள்வியைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால், ஆடு ஏன் அரை லிட்டரோடு நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும். இனம் ஒரு காரணம், தீவனம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் நம் கையிலேயே இருக்கிறது. எந்த ஆட்டை விற்கிறோம், எதை வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அது.

நல்லது போய், நொஞ்சான் தங்குகிறது

உப்பளத்தில் வேலை இருப்பது வெயில் காலத்தில்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும். கூலி இல்லாத அந்த மாதங்களில்தான் தீபாவளி வருகிறது. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலும் மேலப்பாளையம் சந்தையிலும் அப்போது ஆட்டுக்கு நல்ல விலை. வியாபாரி வீட்டுக்கே வந்து, கொழுத்த ஆட்டைக் காட்டிக் கேட்பார். ஈற்றுக்கு ஈற்று இரட்டைக் குட்டி போட்டு நன்றாகப் பால் கொடுத்த பெட்டை, குட்டி மறந்ததும் தேறி நிற்கும். கைக்கு அதிகப் பணம் தருவது அதுதான் என்பதால் அதுவே முதலில் போகும்.

கிடாக் குட்டிகளின் கதை இதைவிட மோசம். அதிகம் பால் குடித்து வேகமாக வளர்ந்த கிடாக் குட்டி நான்கு, ஐந்து மாதத்திலேயே விலைபோகும், அல்லது கோயில் கொடைக்கு நேர்ந்துவிடப்படும். விலைபோகாத நொஞ்சான் கிடா மந்தையில் தங்கி, தாயையும் உடன்பிறந்த பெட்டைகளையும் சினையாக்கும். இப்படி நான்கைந்து தலைமுறை போனால் எந்த உயர்ந்த இனமும் அரை லிட்டருக்கு இறங்கிவிடும்.

அவசரத்துக்கு ஆடு விற்பது தவறில்லை. அதற்காகத்தான் ஆடு வளர்க்கிறோம். எந்த ஆட்டை விற்றால் நட்டம் குறைவு என்று தெரிந்து விற்க வேண்டும் என்பதே இங்கு சொல்ல வருவது. அதற்கு ஒரு அளவுக் குவளையும் நாற்பது பக்க நோட்டும் போதும்.

நம் மண்ணின் ஆடுகள்

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 14.9 கோடி வெள்ளாடுகள் இருந்தன. தமிழகத்தில் சுமார் 99 லட்சம். தமிழகத்தின் இனங்களாகப் பதிவு பெற்றவை கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகிய மூன்று. அவற்றில் கன்னியும் கொடியும் தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சொந்தமானவை.

கன்னி ஆடு கரிய உடலும் முகத்திலும் காதிலும் கோடும் கொண்டது. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பக்கம் அதிகம். இரட்டைக் குட்டி போடுவதில் பெயர் பெற்றது. கொடி ஆடு உயரமானது, நீண்ட கால்கள் கொண்டது. வெள்ளை உடலில் கருப்புத் திட்டுகள் இருந்தால் கரும்போரை, சிவப்புத் திட்டுகள் இருந்தால் செம்போரை. இரண்டுமே வெயிலையும் வறட்சியையும் தாங்கும். ஆனால், கறிக்கும் குட்டிக்கும் வளர்க்கப்பட்டு வந்தவை என்பதால் பால் குறைவு.

பாலுக்கென்று வாங்க நினைப்பவர்கள் தலைச்சேரி இனத்தைப் பார்க்கலாம். மலபார் கடற்கரையில் உருவானதால் கடலோர ஈரக்காற்று அதற்குப் புதிதல்ல. நல்ல தீவனத்தில் ஒரு லிட்டரை ஒட்டிக் கறக்கும். ஜமுனாபாரி அதைவிட அதிகம் கறக்கும் என்றாலும், யமுனை - சம்பல் ஆற்றுப் படுகையில் இலைதழை மேய்ந்து பழகிய பெரிய உடம்பு அதற்கு. தீவனம் குறைந்தால் கன்னியைவிட வேகமாக இளைத்துப்போகும். சென்ட் கணக்கில் இடம் உள்ள வீட்டுக்கு, கையில் இருக்கும் நாட்டுப் பெட்டைகளைத் தலைச்சேரிக் கிடாவோடு சேர்ப்பதே செலவு குறைந்த தொடக்கம். கன்னி, கொடி இனத்தைத் தூய்மையாக வைத்திருப்பவர்கள் மட்டும் கலக்க வேண்டாம். அந்த இனத்துக்குள்ளேயே பால் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பால் ஏடு எழுதுவது எப்படி?

தினமும் அளக்கத் தேவையில்லை. வாரம் ஒரு நாள் போதும். குட்டிக்கு இரண்டு வாரம் ஆன பிறகு தொடங்குங்கள். குறித்த நாளுக்கு முதல் நாள் மாலை 6 மணிக்குக் குட்டிகளைக் குடிக்கவிட்டு, மடியில் மீதமிருப்பதையும் கறந்துவிடுங்கள். பிறகு குட்டிகளைத் தனியே அடையுங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு முழுவதும் கறந்து அளந்துகொள்ளுங்கள். இது 12 மணி நேரப் பால். இரண்டால் பெருக்கினால் ஒரு நாள் பால். குட்டி சிறியதாக இருந்தால் அளந்த பாலைப் புட்டியில் ஊற்றி அதற்கே கொடுத்துவிடலாம்.

நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம். ஆட்டின் பெயர், தாய், தந்தை, எத்தனையாவது ஈற்று, குட்டி போட்ட தேதி, எத்தனை குட்டி, வாராவாரம் பால், பால் வற்றிய தேதி ஆகியவற்றை எழுதினால் போதும்.

ஏன் இவ்வளவு கணக்கு? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஓர் ஆடு நாளுக்குச் சராசரியாக 900 மில்லி வீதம் 100 நாள் கறந்து வற்றுகிறது. இன்னோர் ஆடு 600 மில்லி வீதம் 150 நாள் கறக்கிறது. கண்ணுக்கு முதல் ஆடுதான் பெரிய கறவை. கணக்கில் இரண்டும் 90 லிட்டர். அதுவும் இரண்டாவது ஆடு குட்டிக்கு ஐந்து மாதம் பால் தந்திருக்கிறது. இந்த உண்மை ஞாபகத்தில் நிற்காது, நோட்டில்தான் நிற்கும்.

ஒப்பிடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதல் ஈற்றில் பால் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து ஆட்டைக் கழிக்காதீர்கள். ஒற்றைக் குட்டி போட்ட ஆட்டைவிட இரட்டை போட்ட ஆட்டுக்குப் பால் கூடுதலாகச் சுரக்கும், எனவே இரட்டையை இரட்டையோடு ஒப்பிடுங்கள். நோயில் விழுந்த வாரத்தைத் தனியே குறித்து வையுங்கள்.

கறந்து அளக்க முடியாத வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. குட்டி பிறந்த அன்றும் 30-ம் நாளும் தொங்கு தராசில் எடை போடுங்கள். முதல் மாதத்தில் குட்டி தின்பது மிகக் குறைவு. எனவே அதன் எடை ஏற்றம் பெரும்பாலும் தாயின் பாலைத்தான் காட்டும்.

இரண்டு ஆண்டு ஏடு கையில் இருந்தால், தீபாவளிக்கு வியாபாரி வரும்போது பதில் தயாராக இருக்கும். கடைசி இடத்தில் உள்ள பெட்டையும், அதன் குட்டிகளும் முதலில் போகலாம். முதல் இரண்டு இடத்தில் உள்ளவை கூடுதல் விலை கேட்டாலும் போகக் கூடாது. ஒரு நல்ல பெட்டையின் விலை, அது இனி போடப்போகும் பெண் குட்டிகளையும் சேர்த்தது.

கிடாதான் பாதி மந்தை

ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு, மூன்று குட்டிகளுக்குத்தான் தன் குணத்தைக் கொடுக்கும். கிடாவோ அந்தத் தெருவில் பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் பாதிக் குணத்தைக் கொடுக்கும். கிடாவுக்குப் பால் சுரக்காது. ஆனால் பாலுக்கான மரபு அதன் வழியாகவும் மகளுக்குப் போகிறது. எனவே கிடாவின் உயரத்தையும் கொம்பையும் பார்ப்பதற்கு முன், அதன் தாயின் பால் ஏட்டைப் பாருங்கள். ஏடு இல்லாவிட்டால் தாயைக் கறக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மடி முன்னும் பின்னும் உடலோடு ஒட்டி இருக்கிறதா, கறந்ததும் சுருங்குகிறதா, இரு காம்பும் ஒரே அளவா என்று கவனியுங்கள். கறந்த பிறகும் கல் போல இருக்கும் மடி சதை மடி. அதை நம்பக் கூடாது.

துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கே சொல்லலாம். 19-ம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய கப்பல்களில், வழியில் பாலுக்காக வெள்ளாடுகளை ஏற்றிச் செல்வது வழக்கம். அப்படிப் போய்ச் சேர்ந்தவற்றில் ஜமுனாபாரி வகை ஆடுகளும் உண்டு. அவற்றையும் வட ஆப்பிரிக்க ஆடுகளையும் உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து உருவாக்கியதே இன்று உலகம் முழுவதும் கறக்கப்படும் ஆங்கிலோ - நூபியன் இனம். பிரிட்டிஷ் வெள்ளாட்டுச் சங்கம் 1879-ல் தொடங்கப்பட்டது. அங்கே எந்தக் கிடாவின் மகள் எவ்வளவு கறந்தாள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தார்கள். நம் ஆட்டின் ரத்தம் அங்கே போய்ப் பெரிய கறவையானதற்கு அந்தப் பதிவேடும் ஒரு காரணம்.

கிடா விஷயத்தில் தவிர்க்க வேண்டியவை:

- தந்தையையும் மகளையும் சேர்ப்பது. குட்டிகளில் நோஞ்சானும் சாவும் கூடும். கிடாவின் மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் கிடாவை மாற்றிவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொது விதி.

- கொம்பில்லாக் கிடாவைக் கொம்பில்லாப் பெட்டையோடு சேர்ப்பது. பிறக்கும் பெண் குட்டிகளில் சில இருபாலாக, மலடாகப் போகும். சோடியில் ஒன்றுக்காவது பிறவிக் கொம்பு இருக்க வேண்டும்.

- மூன்று மாதம் தாண்டிய கிடாக் குட்டிகளைப் பெட்டைகளோடு விட்டுவைப்பது. அவை எதிர்பாராமல் சினையாக்கிவிடும்.

- கிடாவைக் கறக்கும் இடத்துக்கு அருகில் கட்டுவது. பாலில் கவுச்சி ஏற அதுவே முக்கியக் காரணம்.

ஒரு கிடா 20 முதல் 25 பெட்டைகளுக்குப் போதும். ஐந்து ஆடு வைத்திருக்கும் வீடு தனிக் கிடா வைப்பது வீண் செலவு. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு நல்ல கிடாவை வாங்கி, ஒரு வீட்டில் வைத்துத் தீவனச் செலவைப் பகிரலாம். இரண்டு ஆண்டு முடிந்ததும் முத்தையாபுரம் கிடா அத்திமரப்பட்டிக்கும், அத்திமரப்பட்டிக் கிடா முத்தையாபுரத்துக்கும் போகலாம். மகளிர் குழுக்கள் இதை எளிதாகச் செய்ய முடியும்.

எப்போது சேர்ப்பது?

பெட்டைக் குட்டி எட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். ஆனால், வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே, அதாவது 10 - 12 மாதத்தில் சேர்க்க வேண்டும். சினைப் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை வரும். ஒன்று, ஒன்றரை நாள் நீடிக்கும். கத்துவது, வாலை ஆட்டுவது, தீவனம் குறைவது, அறையில் வழவழப்பான திரவம் வடிவது ஆகியவை அடையாளங்கள். அடையாளம் தெரிந்து 12 மணி நேரம் கழித்து ஒரு முறையும், பருவம் நீடித்தால் அடுத்த 12 மணி நேரத்தில் இன்னொரு முறையும் சேர்க்கலாம்.

சினைக் காலம் சுமார் 150 நாள். ஆகஸ்ட் 15-ல் சேர்த்த ஆடு ஜனவரி 12-ஐ ஒட்டிக் குட்டி போடும். நம் கடற்கரைக்கு இது பொருத்தமான கணக்கு. பருவமழையில் தழைத்த பசுந்தீவனம் அப்போது கிடைக்கும், அடைமழையும் ஓய்ந்திருக்கும். ஜூன், ஜூலையில் சேர்த்தால் மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் குட்டி விழுந்து, ஈரத்தில் சளி பிடித்துச் சாகும்.

கறவை ஆட்டைக் குட்டி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை நிறுத்தி மடிக்கு ஓய்வு கொடுங்கள். குட்டி பிறந்ததும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், பல தவணைகளில். இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி. நோய் எதிர்ப்பு அதிலிருந்துதான் வருகிறது. பால் விற்கும் ஆசையில் இதில் கைவைத்தால் அடுத்த தலைமுறையே இருக்காது.

உப்பு நிலத்தில் தீவனம்

உப்பளத்தை ஒட்டிய வீடுகளுக்கு முதல் சிக்கல் தண்ணீர். பால் கறக்கும் ஆட்டுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தேவை. ஆழ்குழாய்த் தண்ணீரின் கரைந்த உப்பை ஒரு முறை சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை கவலையில்லை. 5,000-ஐத் தாண்டினால் சினை ஆட்டுக்கும் கறவை ஆட்டுக்கும் தவிர்ப்பது நல்லது. மழைநீரையோ நல்ல தண்ணீரையோ கலந்து கொடுக்கலாம். தண்ணீர் உப்பாக இருந்தால் ஆடு குறைவாகக் குடிக்கும், பால் உடனே குறையும்.

பசுந்தீவனத்துக்கு, உப்பைத் தாங்கும் பயிர்களைத் தேர்ந்தெடுங்கள். தீவனச் சோளம் நடுத்தர உப்பைத் தாங்கும். ஆனால், முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள இளம் பயிரையும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்ததையும் மேயவிடக் கூடாது. நாடித் துடிப்பை நிறுத்தும் நச்சு அதில் இருக்கும். பூக்கும் பருவத்தில் வெட்டிக் கொடுங்கள். மேட்டுப்பாத்தியின் உச்சியில் நடாமல் சரிவில் நட்டால், உச்சியில் படியும் உப்பு வேரைத் தாக்காது. வேலி ஓரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் ஆகியவற்றை நெருக்கி நட்டு மாறி மாறி வெட்டலாம். சூபாபுல் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும். அத்திமரப்பட்டிப் பக்கம் கிடைக்கும் வாழை இலையும் வாழைத்தண்டும் வயிறு நிரப்ப உதவும். அவற்றில் சத்து குறைவு, தண்ணீர்தான் அதிகம். எனவே மரத்தழையோடு சேர்த்தே கொடுங்கள். உடை மரத்து நெற்று நம் பகுதி ஆடுகளுக்குப் பழகிய தீனி. சீமைக்கருவேல நெற்றை முற்றிக் காய்ந்த பிறகு இடித்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். அதையே முழுத் தீவனமாக மாதக்கணக்கில் கொடுத்தால் தாடை நரம்பு பாதிக்கப்பட்டு ஆடு மெல்ல முடியாமல் இளைக்கும்.

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு இடித்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. தண்ணீர் உப்பாக இருந்தால் சாப்பாட்டு உப்பைப் பாதியாக்குங்கள். உடலைக் காக்க நாளுக்கு 200 - 250 கிராம், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு அரை லிட்டருக்கும் 200 கிராம் கூடுதலாகப் போதும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். வயிறு புளித்து, ஒரே இரவில் நல்ல ஆடு செத்துப்போகும்.

வெள்ளம் மறக்கக் கூடாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. குளங்கள் உடைந்து முத்தையாபுரம், அத்திமரப்பட்டி பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கொட்டகை போடும்போது அந்த நாளின் நீர்மட்டத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் பரண் அமைத்தால் வெள்ளத்துக்கும் உதவும், குடற்புழுவும் குறையும். ஒரு பெட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் ஆடுகளைக் கயிற்றில் கட்டிப் போடாதீர்கள். பால் ஏட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குள் உயரத்தில் வையுங்கள்.

மழைக்கு முன் துள்ளுமாரி தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் அவசியம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை நான்கு மாதக் குட்டியிலிருந்து போடலாம். அட்டவணையை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

பால் வீட்டுக்கு வரும்போது

கறக்கும் முன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சை ஒரு கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரியோ ரத்தமோ தெரிந்தால் மடிநோய். அந்தப் பாலைச் சேர்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால், அவர் சொல்லும் நாள் வரை பாலைப் பயன்படுத்தக் கூடாது.

ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கவே கூடாது. மால்டா தீவில் படைவீரர்களை வாட்டிய காய்ச்சல் ஆட்டுப் பாலால் பரவியது என்பது 1905-ல் கண்டுபிடிக்கப்பட்டது. புருசெல்லா என்ற அந்தக் கிருமி இன்றும் இருக்கிறது. கருச்சிதைந்த ஆட்டின் பாலையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள்.

ஆட்டுப் பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை என்பதால் பலருக்கு எளிதில் செரிக்கிறது. ஆனால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதைக் கொடுக்காதீர்கள். ரத்தம் ஊற வேண்டிய ஃபோலேட் சத்து அதில் மிகக் குறைவு. மாட்டுப் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப் பாலும் ஒவ்வாது.

முதலில் வீட்டுத் தேவை, பிறகு அக்கம்பக்கம், அதன் பிறகே விற்பனை என்று போனால் சுமை தெரியாது. நாளுக்கு அரை லிட்டர் என்பது சிறிய அளவுதான். ஆனால், உப்பளத்தில் வேலை நிற்கும் மாதங்களில் கடையில் பால் பாக்கெட் வாங்காமல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அரை லிட்டர் அது. அந்த மாதங்களிலும் கறவை வேண்டுமென்றால், மழை நனையாத பரண் உள்ள வீடுகள் ஒன்றிரண்டு ஆடுகளை மட்டும் ஏப்ரலில் சேர்த்துச் செப்டம்பரில் குட்டி எடுக்கலாம்.

இந்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். இருக்கும் ஆடுகளின் பெயரை எழுதுங்கள். ஒரே ஒரு நாள் காலைப் பாலை அளந்து பக்கத்தில் குறியுங்கள். தீபாவளி வியாபாரி வாசலில் நிற்கும்போது, எந்த ஆட்டின் கயிற்றை அவிழ்ப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.